பாட்டியின் தையல் மெஷின்: துடைப்பதற்கு முன் படித்தவை

பாட்டி போன பிறகு அவருடைய தையல் மெஷின் என்னிடம் வந்து சேர்ந்தது. காலால் மிதித்து ஓட்டும் பழைய கறுப்பு மெஷின், கீழே வார்ப்பிரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, வலது பக்கம் ஒரு இழுப்பறை. கடைசி சில வருடங்களாக அதை யாரும் தொடவில்லை. நான் மூடியைத் திறந்தபோது கைச்சக்கரம் துளியும் அசையவில்லை, ஊசி பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது. இப்போது ஓடுகிறது, நன்றாகவே தைக்கிறது. எப்படிச் சரிசெய்தேன் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி ஒரு மெஷின் எத்தனையோ வீடுகளில் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது, தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயத்திலேயே அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய், திருப்புளி எல்லாம் அப்புறம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரோ விற்ற பழைய மெஷினை வாங்கிச் சரிசெய்தால் அதிலுள்ள அழுக்கு வெறும் அழுக்குதான், கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிவிடலாம். நமக்குப் பிரியமான ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து தைத்த மெஷினில் எது அழுக்கு, எது அவர் கை பட்ட அடையாளம் என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மெஷினை ஓடவிடாமல் தடுப்பதை எடுப்பேன், ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாததை அவர் விட்டபடியே விடுவேன், எதை எடுப்பதாக இருந்தாலும் எடுப்பதற்கு முன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பேன். இந்த மூன்றாவது பகுதிதான் எனக்குப் பெரிய பலனைத் தந்தது. அது என்னவென்று பின்னால் வருகிறது.

திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். நூல் எந்த வழியாகப் போகிறது, நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகு எந்த எண்ணில் நிற்கிறது, தையல் நீளத்தை மாற்றும் திருகு எங்கே இருக்கிறது, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸுக்குள் நூல் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது. திரும்ப மாட்டும்போது உதவும் என்பதற்காக எல்லோரும் சொல்கிற யோசனைதான் இது. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருந்தது. பாட்டி கடைசியாகக் கோத்த நூல். மெஷினை ஓட்ட வேண்டுமானால் அதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்துவிட்டால் அவர் கோத்த நூல் என்பது இனி இல்லை. வெட்டாமல் மெதுவாகப் பின்னால் இழுத்து அந்த நூல்கண்டிலேயே சுற்றினேன். கண்டையும் அதனோடு ஜோடியாக இருந்த பாபினையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த பாபினில் நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் வெள்ளை. மீந்த நூலை வீணாக்காமல் அதன் மேலேயே அடுத்த நிறத்தைச் சுற்றுவது அவர் பழக்கம்.

இழுப்பறையைக் கொட்டிப் பார்க்க ஒரு மாலைப் பொழுதே போனது. ஊசிப் பொட்டலம், தேய்ந்த சாக்குக்கட்டி, பித்தான்கள், சின்னக் கத்தரி, ஒரு காந்தத் துண்டு. அளவு நாடாவில் முதல் சில அங்குலங்கள் எண்ணே தெரியாமல் தேய்ந்து போயிருந்தன. பாட்டி 10-ம் எண்ணில் பிடித்து அளப்பார், கடைசியில் வருகிற அளவில் 10-ஐக் கழித்துச் சொல்வார். சின்ன வயதில் அது ஏதோ தையல்காரர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்றே நினைத்திருந்தேன். இழுப்பறையின் அடியில் ஒரு கட்டு துணித் துண்டுகள் இருந்தன, உள்ளங்கை அகலத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நேர் தையல் மட்டும். தூக்கிப் போடுகிற குப்பை மாதிரிதான் இருந்தது. அவை ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அவர் ஓட்டிப் பார்த்த சோதனைத் துண்டுகள். எதையும் எறியாமல் அப்படியே ஒரு உறையில் போட்டு ஒதுக்கி வைத்தேன்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இது 15-ம் வகை என்று சொல்கிற அமைப்பு. சிங்கர் கம்பெனி 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல கம்பெனிகள் இதே அளவில் செய்து உலகம் முழுக்க அனுப்பின, மற்ற நாடுகளிலும் செய்தார்கள். அதனால் பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான், உதிரிபாகம் இன்றைக்கும் கிடைக்கும். பாபின் சுமார் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 11.7 மில்லிமீட்டர் உயரம். ஊசி இன்றைய வீட்டு மெஷின்களுக்கு வருகிற அதே 130/705 ஹெச் வகை. இவ்வளவு பழைய ஒரு பொருளுக்கு இன்று வாங்கிய ஊசி பொருந்துகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

இறுகிப்போன சக்கரத்தைப் பார்த்ததும் துரு என்று நினைக்கத் தோன்றும். வீட்டுக்குள்ளேயே இருந்த மெஷினில் அப்படி இருப்பது குறைவு. பெரும்பாலும் காரணம் பழைய எண்ணெய். பாட்டி கைக்குக் கிடைத்த எண்ணெயை விடுவார். தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காலப்போக்கில் பிசினாக இறுகிவிடும். தையல் மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெய் கனிம எண்ணெய், அது அப்படிக் கெட்டியாகாது. என் மெஷினில் எண்ணெய்த் துளைகளைச் சுற்றி தேன் நிறத்தில் கெட்டியான பூச்சு இருந்தது, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. அதுதான் ஆள்.

செய்தது இதுதான். முதலில் பெல்ட்டைக் கழற்றினேன். பிறகு மெஷினைப் பின்னால் சாய்த்து, அடிப்பக்கத்திலும் மேலேயும் இரும்பும் இரும்பும் உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி மண்ணெண்ணெய். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் அதேபோல். முகப்புத் தகட்டைக் கழற்றினால் ஊசித்தண்டும் நூலை மேலே இழுக்கும் கையும் தெரியும், அங்கேயும். அப்புறம் முடி உலர்த்தும் டிரையரை வைத்து இரும்பு கை பொறுக்கும் சூடு வரும்வரை சூடாக்கினேன். மண்ணெண்ணெய் எளிதில் பற்றிக்கொள்ளும், அதனால் விட்ட உடனே சூடு காட்டக் கூடாது. ஒரு நாள் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து ஆவி போன பிறகுதான் டிரையரை எடுத்தேன். சக்கரத்தை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்ட வேண்டும், வலுக்கட்டாயமாகத் திருப்பவே கூடாது. முதலில் ஒரு மயிரிழை அசையும். அது போதும். மறுபடி ஊறவிடு, மறுபடி சூடு, மறுபடி ஆட்டு. முழுச் சுற்று சுற்றிய அந்த நிமிஷம் ஊசி மேலே எழுந்து இறங்கியபோது நான் வாய்விட்டுச் சத்தம் போட்டுவிட்டேன், வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு அதுவே எண்ணெய் என்று விட்டுவிடாதீர்கள். அது இளக்குவதற்கு மட்டும், கொஞ்ச நாளில் உலர்ந்துவிடும். இளகிய பிசினைப் பழைய துணியால் துடைத்து எடுத்த பிறகு மெஷின் எண்ணெய் விட்டால்தான் வேலை முடிந்தது. நாலைந்து துணி கறுப்பான பிறகும் பழுப்பு வந்துகொண்டே இருந்தது.

கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு உண்டு, அதைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி நிற்கும், பாபினில் நூல் சுற்றுவதற்காக. அதுவும் இறுகியிருந்தது. அதைக் கழற்றும்போது உள்ளே மூன்று காதுள்ள ஒரு வட்டத் தகடு வரும். எந்த முகம் வெளியே இருந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டிய பிறகு திருகு பிடிக்கவில்லை அல்லது விடவில்லை என்றால் அந்தத் தகட்டை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளிப்புறத்தைத் துடைக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பழைய கறுப்பு மெஷின்கள் பலவற்றில் தங்க நிறப் பூவேலைக்கு மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், பூவேலையும் அதோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய பூவேலையை மங்கவைத்துவிடும். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே போதும், அதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்தில் செய்து பார்க்க வேண்டும். என் மெஷினில் ஊசிக்கு இடது பக்கம், உள்ளங்கை வைக்கிற இடத்தில், பூவேலை முழுக்கத் தேய்ந்து, கறுப்பும் தேய்ந்து, இரும்பின் சாம்பல் நிறம் தெரிகிறது. பாட்டி இடது கையை ஊன்றித் துணியை வழிநடத்திய இடம். பழைய மெஷின்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சந்தேகம் கேட்கப் போயிருந்தேன், படத்தைப் பார்த்துவிட்டு "மேல ஒரு கோட் அடிச்சிட்டா புதுசாட்டம் ஆயிடும் தம்பி" என்றார். "அந்த இடம் அப்படியே இருக்கட்டும் ஐயா" என்றேன். அவர் மறுபடி ஒருமுறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "யாரு தைச்சாங்க?" என்றார். சொன்னேன். "அப்ப எண்ணெய் மட்டும் தொட்டு விடு, துரு ஏறாது" என்று அவரே வழி சொன்னார். அப்படித்தான் செய்தேன். நான் தைக்கும்போது என் இடது கை தானாகவே அந்த இடத்தில்தான் போய் உட்காருகிறது.

அடுத்தது ஷட்டில், மேல் நூலைப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் பாகம். பாபின் கேஸை எடுத்த பிறகு, அதைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு கொக்கிகளைத் திருப்பினால் வளையமும் ஷட்டிலும் கையோடு வந்துவிடும். பின்னால் இருந்தது தூசியே இல்லை, அழுந்தி அழுந்திக் கம்பளமாகவே மாறிவிட்டது. குச்சியால் நெம்பி எடுத்ததும் அதற்குள் ஒரு உடைந்த ஊசிமுனை. பாட்டிக்கு ஊசி உடைந்தால் வீடே நிற்கும். முனை கிடைக்கும்வரை யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, காந்தத்தைத் தரையில் ஓட்டி ஓட்டித் தேடுவார். பிள்ளைகள் காலில் ஏறிவிடும் என்று பயம். அந்த முனை ஷட்டிலுக்குள்ளேயே விழுந்து இத்தனை காலம் பத்திரமாக இருந்திருக்கிறது. ஓட்டத்தைத் தடுக்கிற பொருள், எடுத்தே ஆக வேண்டும். எடுத்து இழுப்பறையில் இருந்த அந்தக் காந்தத்திலேயே ஒட்டவைத்தேன்.

ஊசிக்கும் ஷட்டிலுக்கும் உள்ள நேரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி அடிமட்டத்துக்குப் போய் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழும்போது நூல் ஒரு சின்னக் கண்ணியாக விரியும், அந்தக் கண்ணியை ஷட்டிலின் கூர்முனை வந்து கொத்திக்கொண்டு பாபினைச் சுற்றிவரும், மேலும் கீழும் உள்ள நூல்கள் அப்படித்தான் பின்னிக்கொள்கின்றன. ஊசிமுனையில் கண்ணை வைத்து, கீழே ஷட்டிலில் இன்னொரு நூல் வைத்துப் பூட்டும் இந்த முறைக்கு எலியஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார், இன்றுவரை அடிப்படை மாறவில்லை. தையல் விட்டு விட்டு விழுந்தால் இந்த நேரக் கணக்கு போய்விட்டது என்று திருகைத் தளர்த்தப் போகாதீர்கள். முதலில் ஊசியை மாற்றுங்கள். புது ஊசியைக் கடைசிவரை மேலே ஏற்றி, அதன் தட்டையான பக்கம் நூல் நுழைகிற பக்கத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி மாட்டுங்கள். என் மெஷினில் இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இப்போது டென்ஷனுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மேல் நூலை அழுத்திப் பிடிக்க இரண்டு வட்டத் தட்டுகள், அவற்றை நெருக்க ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கை முறுக்க எண்கள் போட்ட ஒரு திருகு. என் மெஷினில் எண்கள் 0 முதல் 9 வரை. 4-க்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது, நகப்பூச்சு. எண் சரியாகத் தெரியாமல் போனபோது பாட்டி தனக்கு வசதியாக வைத்துக்கொண்ட அடையாளம் என்று பார்த்ததுமே புரிந்தது. ஆனால் நான் எடுத்த முதல் படங்களில் திருகு அந்தப் புள்ளியில் இல்லை. 9-ல் இருந்தது, முடிந்தவரை முறுக்கி.

ஏன் என்று யோசித்தேன். வழக்கமான துணிக்கு அவ்வளவு இறுக்கம் தேவையே இல்லை. உறையில் போட்டு வைத்த சோதனைத் துண்டுகளை வெளியே எடுத்து மேசையில் பரப்பினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். எந்தத் துணி எப்போது என்று அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும், "இது உன் ஸ்கூல் யூனிஃபார்ம் துணி", "இது ஜன்னல் திரை", "இது அக்காவுக்குக் குழந்தை பிறந்தப்போ தைச்ச விரிப்பு". இப்படி வரிசையாக வைத்துக்கொண்டே போனோம். பழைய துண்டுகளில் தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அளவுகோலை வைத்து எண்ணினால் அங்குலத்துக்கு 12 தையல், எந்தத் துண்டை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே 12. ஒரு தையல் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடைசித் துண்டுகளுக்கு வர வர, மேல்பக்கம் ஒழுங்காக இருக்கிறது, அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்குகிறது. தையலும் நீண்டு, அங்குலத்துக்கு 8 என்று ஆகியிருக்கிறது. நீளத் தையல் ஏன் என்று கேட்டதற்கு அம்மா உடனே சொன்னார், "தப்பா வந்தா பிரிக்கிறதுக்கு லேசா இருக்கும்ல."

பாட்டி தையலை விட்டது அப்போதுதான். "என் கை போச்சு, இனிமே தைச்சா துணிதான் பாழு" என்று சொல்லிக்கொண்டே மூடியைச் சாத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணும் மங்கி, முட்டியும் வலித்த வயதுதான், அதனால் யாரும் அதை வேறு மாதிரி யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

துணியின் அடிப்பக்கத்தில் கண்ணி விழுந்தால் பழுது கீழே பாபினில் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது மேல் நூல் தளர்ந்திருப்பதன் அடையாளம், மேல் நூல் இழுக்காததால் அதிகப்படி நூல் கீழே போய்த் தொங்குகிறது. மேல் நூல் ஏன் தளர வேண்டும், திருகு 9-ல் இருக்கும்போது? துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கினேன், தூக்கினால்தான் தட்டுகள் விலகும். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நூல்பிசிறு அழுந்தி, பிசின் எண்ணெயோடு சேர்ந்து, ஒரு கெட்டியான வளையமாக உட்கார்ந்திருந்தது. தட்டுகள் ஒன்றையொன்று தொடவே முடியாது. திருகை எவ்வளவு முறுக்கினாலும் நூலைப் பிடிக்காது. பாட்டி 4-ல் இருந்து 5, 6 என்று ஏற்றி, கடைசியில் 9 வரை போய், அதற்கு மேல் முறுக்க இடமில்லாமல் நின்றிருக்கிறார்.

கீழ்ப்பக்கத்தையும் சரிபார்த்தேன். பாபின் கேஸின் ஸ்பிரிங்கில் உள்ள சின்னத் திருகைச் சுற்றி பழைய பிசின் உடையாமல் இருந்தது, ஆக அதை யாரும் திருப்பவில்லை. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் கேஸ் தன் கனத்தில் விழாமல் நிற்க வேண்டும், கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். அப்படியே நின்றது. கீழே எந்தக் குறையும் இல்லை.

தட்டுகளுக்கு நடுவில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, வண்ணப்பூச்சில் சொட்டாமல் முன்னும் பின்னும் இழுத்தேன். பிசின் வளையம் துண்டு துண்டாக வந்தது. தட்டு பளிச்சென்று ஆனதும் புது ஊசி, புது நூல், நடுத்தரப் பருத்தித் துணி. தையல் நீளத்தை 12-க்கு வைத்தேன். டென்ஷன் திருகை எந்த எண்ணிலும் கணக்குப் பார்த்து வைக்கவில்லை, நேராகப் பாட்டியின் சிவப்புப் புள்ளியில் வைத்து ஓட்டினேன். தையல் மேலும் கீழும் ஒரே மாதிரி வந்தது. முடிச்சு துணிக்குள்ளேயே, நடுவில், எந்தப் பக்கமும் தெரியாமல்.

அந்தத் துண்டையும் பாட்டியின் கடைசித் துண்டையும் அம்மா கையில் கொடுத்து, தட்டுக்கு நடுவில் இருந்த பிசினைக் காட்டி விளக்கினேன். அம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அம்மா கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு அதையே சித்திக்குப் போன் போட்டுச் சொன்னார், மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னார், அழுகையும் கோபமுமாக, பாட்டியிடமே சொல்ல முடியாததை எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு இது இன்றும் மனதை அறுக்கிறது. ஒரு நிமிஷ வேலை, ஒரு துண்டுத் துணி. அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது: மெஷின் கைக்கு வந்த அன்றே நான் எல்லாவற்றையும் கழற்றி ஊறப்போட்டு, இழுப்பறைக் குப்பையை எறிந்து, திருகை நடு எண்ணில் வைத்திருந்தால் மெஷின் இதே மாதிரி நன்றாகத்தான் ஓடியிருக்கும். பாட்டியின் கை கெட்டுப்போய்விட்டது என்பதே எங்கள் குடும்பத்தில் கடைசி நினைவாக நிலைத்திருக்கும். 9-ல் நின்ற திருகு, 4-ல் இருந்த புள்ளி, தூக்கிப் போடவிருந்த துணித் துண்டுகள், இந்த மூன்றும் சேர்ந்துதான் நடந்ததைச் சொன்னது. ஆகவே இப்படி ஒரு மெஷினை எடுத்து வைத்திருப்பவர்களுக்கு மனமார ஒரு வேண்டுகோள், துடைப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். திருகுகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று எழுதி வையுங்கள். இழுப்பறையை யாரிடமும் சுத்தம் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். தையல் தெரிந்த வயதானவர் இன்னும் உங்களோடு இருந்து, கை சரியில்லை என்று சொன்னால், டென்ஷன் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்லுங்கள்.

மிச்ச வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தோல் பெல்ட் வெடித்துப்போயிருந்தது. சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைத் தோல் பெல்ட் நீளமாக விற்கிறார்கள், அளவைவிடச் சற்று அதிகமாக வெட்டி, துளை போட்டு, கம்பிக் கொக்கியால் இணைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சக்கரம் வழுக்காத அளவுக்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் இறுக்கினால் மிதிக்கக் கால் கனக்கும். கீழே உள்ள பெரிய சக்கரத்தின் அச்சிலும் மிதியின் இரண்டு முனையிலும் எண்ணெய் விட மறக்காதீர்கள், மெஷின் தலைக்கு எண்ணெய் விடும் பலர் காலுக்கு விடுவதில்லை. மிதிக்கத் தொடங்கும்போது கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றித் தொடங்க வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறும்.

மெஷின் தலையைப் பலகையோடு இணைக்கும் கீலில் மடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது. இதில் கொஞ்ச நேரம் தயங்கினேன். அட்டை பாட்டி வைத்தது, தலை ஆடாமல் இருக்க. ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் கீல் முனையைப் பிடிக்கும் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்ததுதான், அவற்றை இறுக்கியதும் அட்டைக்கு வேலை இல்லை. அதை எடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் ஒரு பழைய நாள்காட்டியின் பின்னட்டை, அதில் யாருடையதோ மார்பளவு, தோள் அளவு, கை நீளம் பென்சிலில். யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. உறையில் சேர்த்தாயிற்று.

மோட்டார் போடலாம் என்று மாமா சொன்னார், அவரே வாங்கித் தருவதாகவும் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான். நான் வேண்டாம் என்றேன். மிதிக்கிற மெஷினில் ஒரே ஒரு தையல் போட்டு ஊசி துணியில் இறங்கிய நிலையில் நிறுத்தலாம், மூலை திருப்புவதற்கு அது அவ்வளவு சுகம், சாதாரண மோட்டாரில் அந்தப் பிடி வருவதற்கு நிறையப் பழக வேண்டும். தவிர, பாட்டி இந்த மெஷினை ஓட்டியது காலால். அதை மாற்ற எனக்கு மனமில்லை.

இழுப்பறையில் இருந்த நூல்கண்டுகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். பருத்தி நூல் வெளிச்சத்திலும் ஈரத்திலும் கிடந்தால் வலு போய்விடும். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்தால் அது தைக்க உதவாது, நல்ல நூல் விரலை அறுப்பதுபோல் எதிர்த்துவிட்டு அறும். பாட்டியின் நூல்களில் பாதிக்கு மேல் வலு இல்லை. வலுவுள்ள கண்டுகளை இப்போது அம்மா பயன்படுத்துகிறார், மற்றவை அப்படியே இருக்கின்றன. அம்மா முதலில் தைத்தது மூன்று தலையணை உறை, பாட்டியின் பழைய பருத்தித் துணியில், ஆளுக்கு ஒன்றாகச் சித்தி, மாமா, அக்கா மூவருக்கும்.

இன்னும் பாக்கி மரப்பலகை. முன்விளிம்பில் மேல்தகடு எழும்பியிருக்கிறது, அடியில் பசை விட்டு, மேலே கட்டை வைத்துக் கவ்வியால் இறுக்கி ஒரு நாள் விட வேண்டும். அந்த விளிம்புக்குச் சற்றுத் தள்ளி சாக்குக்கட்டியால் போட்ட கோடுகள் மரத்தில் ஊறிப்போய் இருக்கின்றன, பசையைத் துடைக்கும்போது ஈரத்துணி அங்கே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினின் கதையை ஒரு தாளில் எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அதைப் படிக்கட்டும் என்று: எந்த எண்ணெய் விட வேண்டும், எந்த ஊசி, எந்தப் பாகத்தை மாற்றினேன், எதை மாற்றவில்லை. அதன் முதல் வரி, டென்ஷன் திருகில் உள்ள சிவப்புப் புள்ளியை அழிக்கக் கூடாது, பருத்தித் துணிக்கு அதுதான் சரியான இடம்.